புவெப்லா: தேவாலய நகரத்தில் ஒரு நூலகம்

(கிளை நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, எத்தனையோ பணிகளுக்கு நடுவில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, நம் கிளை நூலகத்தின் நூலகர் அவர்களே, வாசகர் வட்டத்தின் செயலாளர், பொருளாளர், புரவலர் பெருமக்களே, பள்ளிச் சீருடையோடு நேராக இங்கே வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் நான் பேச்சைத் தொடங்கினால் அது முறையாகாது. இந்த அரங்கில் இருப்பவர்களில் பாதிப்பேர் அவரிடம் எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள். பணி நிறைவு பெற்ற பிறகும் மாலையானால் நூலகத்துக்கு வந்து, நாளிதழ்களை அடுக்கி வைத்து, பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர். நகர்மன்றத் தலைவர் அம்மையாரும் இந்த நூலகத்தில் படித்து வளர்ந்தவர் என்பதை வரவேற்புரையில் சொன்னார்கள். அதைக் கேட்டதும் எனக்குப் பெரிய நம்பிக்கை பிறந்தது. ஏன் என்பதைப் பேச்சின் முடிவில் சொல்கிறேன்.

மெக்சிகோவில் பார்த்த புவெப்லா நகரைப் பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் பணித்தார். மூன்று செய்திகள் சொல்ல எண்ணியிருக்கிறேன். ஒன்று, அந்த நகரம் எழுந்த வரலாறு. இரண்டு, அங்குள்ள உணவும் கைவினையும். மூன்று, 1862 மே 5 அன்று அங்கே நடந்த போர்.

‘கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம்’ என்பது நம் பெரியோர் வாக்கு. புவெப்லாவின் பழைய தெருக்களில் நடக்கும்போது அந்த வாக்கு என் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. எந்த முனையில் நின்று திரும்பினாலும் ஒரு தேவாலயக் கோபுரம் கண்ணில் படும்.

மெக்சிகோ நகரின் கிழக்குப் பேருந்து நிலையத்தில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரப் பயணம். பஸ் ஊசியிலைக் காடுகள் நிறைந்த மலையில் ஏறி, மறுபுறம் ஒரு பெரிய சமவெளியில் இறங்கும். வானம் தெளிவாக இருந்தால் பொப்போகாட்டெபெட்ல் எரிமலை தெரியும். அது இன்றும் உயிரோடிருக்கும் எரிமலை. நான் பார்த்த காலை நேரத்தில் அதன் உச்சியிலிருந்து புகை சாய்வாக எழுந்துகொண்டிருந்தது. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருக்கும் ஊர் என்பதால் படியேறினால் மூச்சு வாங்கும். வெயிலிலும் காற்று குளிர்ந்தே இருக்கும்.

1531இல் ஸ்பானியர்கள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட நகரம் அது. வெராக்ரூஸ் துறைமுகத்துக்கும் மெக்சிகோ நகருக்கும் இடைப்பட்ட வழியில், கயிறு பிடித்து அளந்த நேர்த் தெருக்களோடு அதைத் திட்டமிட்டார்கள். இன்றும் தெருக்களுக்கு எண்கள்தாம் பெயர். ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை எண்கள் மறுபக்கம். தேவதூதர்கள் கனவில் வந்து அளந்து காட்டிய நகரம் என்று ஒரு கதையும் சொல்வார்கள். கனவில் யார் அளந்திருந்தாலும், கல் சுமந்தவர்கள் த்லாஸ்காலாவிலிருந்தும் சொலூலாவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அந்த மண்ணின் மக்கள். பக்கத்திலிருக்கும் சொலூலாவில் பழங்குடி மக்கள் எழுப்பிய மாபெரும் பிரமிடின் உச்சியில் ஸ்பானியர்கள் ஒரு தேவாலயத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு கோயிலின் தலைமேல் இன்னொரு கோயில். அதைப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்தது.

பேராலயத்தின் வேலை 1575இல் தொடங்கியது. கோபுரங்கள் ஏறத்தாழ 70 மீட்டர் உயரம். அதன் பெரிய மணியை மேலே ஏற்ற வழி தெரியாமல் எல்லோரும் திகைத்து நின்றபோது, இரவோடு இரவாகத் தேவதூதர்களே ஏற்றிவிட்டார்கள் என்பது ஊர்க்கதை. சாந்தோ தொமிங்கோ ஆலயத்தில் ஜெபமாலை மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் உண்டு. 1690இல் முடிந்தது. சுவர், வளைவு, கூரை எங்கும் பொன் பூசிய சுதைவேலை. உள்ளே நுழைந்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

உணவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். மோலே என்பது அந்த ஊரின் பெருமை. பலவகை உலர்ந்த மிளகாய், எள், பாதாம், நிலக்கடலை, கிராம்பு, பட்டை, கொஞ்சம் கொக்கோ எல்லாவற்றையும் வறுத்து அரைத்துக் கொதிக்க வைக்கும் கெட்டியான குழம்பு. நம் வீட்டுக் கறிக்குழம்பைப்போல வீட்டுக்கு வீடு அளவு மாறும், மணம் மாறும். மிளகாய் அந்த மண்ணில் பிறந்து போர்ச்சுகீசியர் வழியாக நம்மிடம் வந்தது. பட்டையும் கிராம்பும் ஆசியாவில் பிறந்து அங்கே போயின. கைவினையில் தலவேரா என்ற மண்பாண்டம் புகழ் பெற்றது. 1653இலேயே அந்தக் குயவர்கள் தங்களுக்கு விதிமுறை எழுதிவைத்துத் தொழில் செய்திருக்கிறார்கள். வெள்ளைத் தட்டின்மேல் நீலக் கோலம். ஒரு பட்டறையில் கிழவர் ஒருவர் என் விரலைப் பிடித்து அந்த நீலக் கோட்டின்மேல் வைத்தார். கோடு லேசாகப் புடைத்திருந்தது. அந்தப் புடைப்பு இல்லாவிட்டால் தட்டு போலி என்றார்.

சீனப் பீங்கானைப் பார்த்துப் பழகிய கை அந்த நீலத்தை வரைந்தது. பீங்கான் எப்படி அங்கே போயிற்று? மணிலாவிலிருந்து அகபுல்கோவுக்குப் பசிபிக் கடலைக் கடந்து ஆண்டுதோறும் போன கப்பல்களில் போயிற்று. அன்பர்களே, அந்தக் கப்பல்களில் பட்டும் பீங்கானும் மட்டும் போகவில்லை. நம் நாட்டுப் பெண் ஒருத்தியும் போனாள். அவளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல எனக்கு அனுமதி வேண்டும்.

அவள் பெயர் மிர்ரா என்று அவள் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். முகலாய அரச குடும்பத்துக்கு உறவு என்றும் எழுதுகிறார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம். சிறுமியாக இருக்கும்போது போர்ச்சுகீசிய அடிமை வணிகர்கள் அவளைக் கடற்கரையில் பிடித்துக் கப்பலில் ஏற்றினார்கள். கொச்சியில் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, கத்தரினா தே சான் ஹுவான் என்று பெயர் சூட்டினார்கள். தாய் தந்தை வைத்த பெயர் அங்கேயே போயிற்று. கொச்சியிலிருந்து மணிலா. மணிலாவில் அவளை விற்றார்கள். வாங்கியவர்கள் அகபுல்கோ போகும் கப்பலில் ஏற்றினார்கள். மாதக்கணக்கான கடல் பயணம். இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் எண்ணிப் பாருங்கள், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, பேச மொழியில்லை, அழுதால் கேட்க ஆளில்லை.

புவெப்லாவில் மிகேல் தே சோசா என்ற படைத்தலைவர் அவளை வாங்கினார். பிள்ளையில்லாத வீடு. சமையலும் தையலும் செய்து அங்கே வளர்ந்தாள். எசமானர் இறந்தபோது அவளுக்கு விடுதலை கிடைத்தது. பிறகு, அவளைப்போலவே அடிமையாக வந்த ஒரு சீனரை மணந்தாள். கணவரும் இறந்தார். இயேசு சபையாரின் ஆலயத்தின் அருகே ஒரு சிறு அறையில் செபமும் நோன்புமாகக் காலம் கழித்தாள். அவளுக்குத் தரிசனங்கள் கிடைக்கின்றன என்று ஊர் பேசியது. ஆளுநர் முதல் அடித்தட்டு மக்கள்வரை அவளிடம் வேண்டுதல் சொல்ல வந்தார்கள். 1688 ஜனவரி 5 அன்று அவர் காலமானார். ‘அவள்’ என்று சொல்லிக்கொண்டிருந்த நான் ‘அவர்’ என்று சொல்கிறேன், ஏனென்றால் அந்த நகரமே அன்று அவரை அப்படித்தான் கண்டது. உடலைப் பார்க்க ஊர் திரண்டது. போர்த்திய துணியைப் புனிதப் பொருளாக மக்கள் வெட்டி எடுத்துப் போனார்கள். நகரத்துப் பெரிய மனிதர்கள் தோள் கொடுத்தார்கள். விலைக்கு வாங்கப்பட்டு வந்த நம் நாட்டுப் பெண்ணுக்கு!

அடுத்த ஆண்டே, 1689இல், அலோன்சோ ராமோஸ் என்ற இயேசு சபைத் துறவி அவர் வரலாற்றின் முதல் பாகத்தை அந்த ஊரிலேயே அச்சிட்டார். மொத்தம் மூன்று பாகங்கள். 1690களிலேயே சமய விசாரணை மன்றம் அந்த நூலைத் தடை செய்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையை எழுதிய புத்தகம், படிக்கக் கூடாத புத்தகம் ஆயிற்று. கத்தரினாவுக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. ஸ்பானிய மொழியைக்கூடக் கடைசிவரை திருத்தமாகப் பேச வரவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்? அவர் வாழ்ந்த இடத்திலிருந்து சில தெருக்கள் தள்ளி, பேராலயத்துக்கு எதிரே, ஒரு கட்டடத்தின் மாடியில் இருக்கிறது பலஃபோக்சியானா நூலகம். நான் புவெப்லாவுக்குப் போனதே அதைப் பார்க்கத்தான்.

1646 செப்டம்பர் 5. புவெப்லாவின் ஆயர் ஹுவான் தே பலஃபோக்ஸ் இ மெந்தோசா தம் சொந்தப் புத்தகங்கள் 5,000ஐ நகரத்துக்குக் கொடையாகக் கொடுத்தார். குருமட மாணவர்களுக்கு மட்டும் கொடுத்திருந்தால் அது பெரிய செய்தியில்லை. படிக்க விரும்பும் எவரும் வந்து படிக்கலாம் என்று நிபந்தனை வைத்துக் கொடுத்தார். அமெரிக்கக் கண்டங்களின் முதல் பொது நூலகம் என்று அதை இன்று போற்றுகிறார்கள். ‘கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம்’ என்ற வாக்கில் அந்த ஆயருக்கு என்ன குறை? பேராலயத்தை முடித்து 1649இல் அர்ப்பணித்தவரும் அவர்தான். கோயிலைக் கட்டிய அதே கை நூலகக் கதவையும் திறந்துவிட்டது.

இன்று நாம் பார்க்கும் கூடத்தை 1773இல் இன்னொரு ஆயர் அமைத்தார். வளைந்த கூரை, சிவப்பு ஓடு பாவிய தரை, இரு பக்கமும் தேவதாரு மரத்தில் செதுக்கிய அலமாரிகள். மூன்றடுக்கு. மூன்றாவது அடுக்கு 19ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. புத்தகங்களின் முதுகில் வெளிறிய தோலின்மேல் பழுப்பு மையில் யாரோ கையால் எழுதிய தலைப்புகள். சில எழுத்துகள் பாதி அழிந்திருக்கின்றன. 45,000 நூல்களுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி, 1473இல் அச்சான வரலாற்று நூல். 2005இல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் இந்த நூலகத்தைச் சேர்த்தது.

1999இல் ஒரு நிலநடுக்கம் அந்தக் கூடத்தைச் சேதப்படுத்தியது. பாழாகட்டும் என்று விட்டுவிடவில்லை. சுவரையும் அலமாரிகளையும் செப்பனிட்டு மறுபடியும் திறந்தார்கள்.

அந்தக் கூடத்தில் நின்றபோது எனக்குக் கத்தரினாவின் நினைவுதான். 1646இல் கதவு திறந்தது. 1688இல் அவர் காலமானார். 40 ஆண்டுகளுக்கு மேலாக நூலகமும் அவரும் ஒரே ஊரில் இருந்தார்கள். எவரும் வரலாம் என்று எழுதி வைத்த கதவு அது. எழுத்தறியாத அவருக்கு அந்தக் கதவால் என்ன பயன்? கல் சுமந்த மக்களுக்கு என்ன பயன்? ஆயரின் பெருந்தன்மையை நான் வணங்குகிறேன். ஆனால் கதவைத் திறப்பதோடு கடமை முடியாது என்பதை அந்த ஊரில்தான் நான் முழுதாக உணர்ந்தேன்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். நகர்மன்றத் தலைவர் அம்மையார் இருக்கும்போதே சொல்கிறேன், அவர்கள் நம்மவர் என்ற உரிமையில் சொல்கிறேன். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாக, 1948இல், பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. சொத்துவரி கட்டும் ஒவ்வொருவரும் அதனோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். அப்படியிருக்க, நம் கிளை நூலகம் இன்னும் வாடகைக் கட்டடத்தில் இருக்கிறது. மழை வந்தால் நூலகர் தார்ப்பாயை எடுத்துக் கதை நூல்கள் இருக்கும் அலமாரியைத்தான் முதலில் மூடுகிறார், ஏனென்றால் பிள்ளைகள் கேட்கும் புத்தகங்கள் அங்கேதான் இருக்கின்றன. போன ஐப்பசியில் நனைந்து ஊறிய நூல்களை வெயிலில் விரித்து, பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்தவர்கள் இதோ இந்த மாணவர்கள். கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம் என்று வாழ்ந்த ஊர் இது. பாழடைந்த கோயிலுக்குக் குடமுழுக்கு என்றால் வீட்டுக்கு வீடு நிதி திரட்டுகிறோம். அதே கை நூலகத்துக்கும் நீளவேண்டும்.

மே 5 போரைப் பற்றிச் சொல்லவில்லை என்று முன்வரிசை மாணவர் ஒருவர் விரலை உயர்த்திக் காட்டுகிறார். தம்பி, ஜெனரல் சரகோசாவின் படை அன்று பிரெஞ்சுப் படையை வென்றது. மீதியை நம் நூலகத்தில் தேடிப் படித்துவிட்டு வா, அடுத்த கூட்டத்தில் உன்னையே பேசச் சொல்கிறேன்.

வாசலில் மேசைமேல் ஒரு மனு இருக்கிறது. மூன்று கோரிக்கைகள். சொந்தக் கட்டடத்துக்கு நகராட்சி இடம் ஒதுக்கவேண்டும். வேலைக்குப் போகிறவர்களும் வந்து படிக்கும்படி நூலகம் இரவு எட்டு மணிவரை இயங்கவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு நூலகத்திலேயே மாலை வகுப்பு நடத்த இசைவு தரவேண்டும். பாடம் சொல்லித் தர நானும் தலைவர் ஐயாவும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். இன்னும் நான்கு பேர் வேண்டும். போகும்போது கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பெயரை மட்டும் சொல்லுங்கள், மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். வகுப்பில் சேர்க்கவேண்டிய முதல் பட்டியல் அதுதான்.

வாய்ப்பளித்த வாசகர் வட்டத்துக்கு நன்றி. வணக்கம்.