மூட்டு வலி மட்டும் நகைச்சுவை ஆகிவிடுமா?

வணக்கம். சென்ற வீடியோவில் அறிவித்த படத்தை இன்று ஒத்திவைக்கிறேன். காரணம் கோபம். நேற்றிரவு, அறுபதைத் தாண்டிய இருவர் காதலிக்கும் புதுப்படம் ஒன்றைப் பார்க்க உட்கார்ந்தேன். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். திட்டுவதற்காகக்கூட அதற்கு விளம்பரம் தர எனக்கு மனமில்லை. நாயகன் மூட்டைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். நாயகி கேட்டது காதில் விழாமல் சம்பந்தமே இல்லாத பதிலைச் சொல்கிறார். அடுத்து மாத்திரை டப்பா திறக்கிறது. முதல் பாட்டு வருவதற்குள் இவ்வளவும் முடிந்துவிட்டன. இருவருக்கும் வயதாகிவிட்டது என்ற ஒரு செய்தியைத் தவிர, அவர்கள் யார், எதைக் கண்டால் எரிந்து விழுவார்கள், எதை மறைக்கப் பொய் சொல்வார்கள் என்பது கடைசி வரை தெரியவே இல்லை.

இதில் வசன வரிகளின் தொல்லை வேறு. எந்த மொழிப் படமானாலும் நான் வசன வரிகளோடுதான் பார்ப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். நேற்றைய படத்தில் நடிகர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவருடைய வரி திரையில் வந்து நின்றது. சண்டைப் படமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். காதல் நகைச்சுவையில் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே வரும் அந்தச் சின்ன மௌனத்தில்தான் சிரிப்பே இருக்கிறது; பதிலை முன்கூட்டியே படித்துவிட்டால் மௌனம் வெறும் காத்திருப்பாகிவிடுகிறது. செயலியை மூடித் திறந்தேன், மொழியை மாற்றி மீண்டும் மாற்றினேன், தொலைக்காட்சியை விட்டுக் கைபேசிக்குப் போனேன், அங்கும் அதே கதை, திரும்பவும் தொலைக்காட்சிக்கே வந்தேன். ஒருவழியாக எல்லாம் பொருந்தி வந்த பிறகுதான், முன்கூட்டியே படித்ததால் எனக்கு எந்த நஷ்டமும் நேர்ந்திருக்கவில்லை என்பது புரிந்தது.

மனத்தை ஆற்றிக்கொள்ள, 2003இல் வந்த ‘சம்திங்ஸ் காட்டா கிவ்’ படத்தைப் போட்டுப் பார்த்தேன். நான்சி மேயர்ஸ் எழுதி இயக்கிய இந்தப் படத்தை நான் எத்தனை வீடியோக்களில் இழுத்திருக்கிறேன் என்று கேலி செய்பவர்கள் செய்துகொள்ளலாம். அதிலும் உடம்பை வைத்துத்தான் நகைச்சுவை செய்கிறார்கள். நாயகன் ஜாக் நிக்கல்சனுக்கு மாரடைப்பு வருகிறது. மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏற முடிந்தால்தான் மறுபடி படுக்கை சுகத்தை நினைக்கலாம் என்று மருத்துவர் நிபந்தனை போடுகிறார். ஆனால் இங்கே உடம்பின் பலவீனமே கதையை நகர்த்துகிறது. மாரடைப்பு வராவிட்டால் அவர் நாயகி டயான் கீட்டனின் கடற்கரை வீட்டில் தங்க வேண்டிய அவசியமே இல்லை. இருவரும் நெருங்கும் இரவில் கீட்டன் நிதானமாக அவருடைய ரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கிறார். அந்தக் கருவியே அங்கே ஒரு சரசப் பேச்சாக மாறிவிடுகிறது. நேற்றைய படத்தின் மாத்திரை டப்பாவுக்கு அப்படி எந்த வேலையும் இல்லை, சிரிக்கச் சொல்லி நமக்குக் காட்டும் பலகை அது.

அதே இரவில் வரும் கத்தரிக்கோல் காட்சியைப் பற்றி நான் பேசாமல் போனால் நீங்களே நம்ப மாட்டீர்கள். படம் முழுக்கக் கீட்டன் கழுத்தை மூடிய சட்டையையே அணிகிறார், கடற்கரையில்கூட அப்படித்தான். அதைப் பற்றி நிக்கல்சன் முன்பே சீண்டியும் இருக்கிறார். இப்போது கீட்டனே கத்தரிக்கோலைக் கொடுத்து அதை வெட்டிவிடச் சொல்கிறார். கத்தரி மெல்ல மெல்ல மேலே ஏறிக் கழுத்தை எட்டும்போது அவர் முகத்தில் பயம், வெட்கம், விடுதலை என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. நான் அதை நேற்றும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். கொஞ்சம் பொறுங்கள், முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன்: நிக்கல்சன் அந்த வீட்டுக்குள் முதலில் வந்தது கீட்டனுடைய மகளின் காதலனாக. முப்பது வயதுக்கு உட்பட்ட பெண்களைத் தவிர யாரையும் நிமிர்ந்து பார்க்காத ஆள் அவர். இதை வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அந்தக் கத்தரிக்கோலின் கனம் விளங்கும். படம் வந்தபோது கீட்டனுக்கு 57 வயது, நிக்கல்சனுக்கு 66. கீட்டனைத் துரத்தும் இளம் மருத்துவராக வரும் கியானு ரீவ்ஸுக்கு 39தான். இந்த வேடத்துக்காகக் கீட்டன் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 2025 அக்டோபரில் அவர் மறைந்த பிறகு இதைப் பார்ப்பது எனக்குச் சுலபமாக இல்லை.

இந்த இயக்குநரின் படங்களில் வரும் வீடுகள் எனக்கு ஆகாது. விளம்பரப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டியதுபோன்ற சமையலறைகள். பணக் கவலை இல்லாதவர்களுக்கு மட்டுமே ஐம்பதுக்கு மேல் காதல் வருமா என்ன?

அதனால்தான் நிக்கோல் ஹோலோஃப்சென்னர் இயக்கி 2013இல் வந்த ‘இனஃப் செட்’ படத்தை நான் இன்னும் உயரத்தில் வைக்கிறேன். ஜூலியா லூயி-டிரைஃபஸ் வீடு வீடாகச் சென்று மசாஜ் செய்பவர், விவாகரத்தானவர், மகள் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள். ஜேம்ஸ் கண்டோல்ஃபினியைச் சந்திக்கிறார், பிடித்துப்போகிறது. அதே நேரத்தில் புதிதாகக் கிடைத்த தோழி, பிரிந்துபோன தன் கணவனைப் பற்றி ஓயாமல் குறை சொல்கிறாள். அந்தக் கணவன் கண்டோல்ஃபினிதான் என்று தெரிந்த பிறகும் நாயகி வாயைத் திறப்பதில்லை. உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவகாடோ மசியலைத் தொட்டுக்கொள்ளும்போது கண்டோல்ஃபினி வெங்காயத்தை மட்டும் ஒதுக்கித் தள்ளுவார் என்பது அந்தக் குறைகளில் ஒன்று. பிறகு அவர் எதிரே உட்கார்ந்து அப்படியே ஒதுக்கும்போது, நேற்று வரை கண்ணில் படாத அந்தப் பழக்கம் நாயகிக்குத் தாங்க முடியாததாகிவிடுகிறது. காலம் கடந்து வரும் காதலில் ஒருவரைப் பற்றி முன்பே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுக் கிடக்கும் என்பதையும், அதைப் படிக்காமலிருக்க யாராலும் முடியாது என்பதையும் ஒதுக்கப்பட்ட வெங்காயத்தில் காட்டிவிட்டார்கள். இருபது வயதுக் காதலர்களை வைத்து இந்த நகைச்சுவையை எடுக்கவே முடியாது. இந்தப் படம் 2013 செப்டம்பரில் திரைக்கு வந்தது. கண்டோல்ஃபினி அந்த ஜூனிலேயே, 51 வயதில், இறந்துவிட்டார்.

நம் படங்களுக்கு வருகிறேன். தனுஷ் முதன்முதலாக இயக்கிய ‘ப. பாண்டி’ (2017) எனக்குப் பிடித்த படம்தான். ஓய்வுபெற்ற ஸ்டண்ட் மாஸ்டரான ராஜ்கிரண் மகன் வீட்டை விட்டு பைக்கில் கிளம்பிப் போவதைப் பார்த்து நான் கைதட்டியிருக்கிறேன். ஆனாலும் அவர் தேடிப் போவது பழைய காதலியை. ரேவதியும் ராஜ்கிரணும் எதிரெதிரே உட்காரும்போது அவ்வளவு அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். என் எரிச்சல் இதுதான்: வயதானவருக்குப் புதிதாக ஒருவர்மீது ஆசை வருவதை நாம் ஏற்க மாட்டோம் என்று பயந்து, அதற்கு ‘முதல் காதல்’ என்று அனுமதிச் சீட்டு வாங்கித் தருகிறார்கள். விட்டதைப் பிடிப்பது என்றால் நியாயமாகிவிடுகிறது. முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் அறுபதில் மனம் தடுமாறுவதை யாரும் எடுக்கத் துணிவதில்லை.

துணிந்தாலும் அதில் ஒரு வில்லங்கம் வைக்கிறார்கள். பால்கியின் இந்திப் படமான ‘சீனி கம்’மில் (2007) அமிதாப் பச்சனுக்கு 64 வயது, தபுவுக்கு 34. மாப்பிள்ளையைவிட இளையவரான மாமனார் பரேஷ் ராவல் சத்தியாகிரகம் என்று உண்ணாவிரதம் இருப்பது நல்ல வேடிக்கை; இளையராஜாவின் இசையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 64 வயதுப் பெண்ணுக்கு 34 வயது ஆணைக் காதலனாக வைத்து, அதற்கும் இதே அளவு கதகதப்பான வசனங்களை எழுதுவார்களா?

சுதா கொங்கரா ‘புத்தம் புதுக் காலை’ (2020) தொகுப்புக்காக எடுத்த ‘இளமை இதோ இதோ’ குறும்படத்தை இங்கே சேர்க்காவிட்டால் பாவம். ஊரடங்கில் ஒரே வீட்டுக்குள் இருக்கும் ஜெயராமும் ஊர்வசியும் தங்கள் கண்ணுக்கு இளைஞர்களாகத் தெரிகிறார்கள். அந்த இளமையில் நடிப்பவர்கள் காளிதாஸும் கல்யாணி பிரியதர்ஷனும். ஜெயராமின் மகனே அவருடைய இளமையாக வருவது வெகு பொருத்தம். எனக்கு ஒரே குறை, ஊர்வசியைப் போன்ற ஒரு நகைச்சுவை நடிகை கையில் இருக்கும்போது அவரைத் திரையிலிருந்து ஒரு நிமிடம்கூட நகர்த்தக் கூடாது.

‘இட்ஸ் காம்ப்ளிகேட்டட்’ (2009) எங்கே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. விவாகரத்து செய்த கணவனோடே மெரில் ஸ்ட்ரீப் திருட்டுத்தனமாகப் பழகுவது புதிய காதலில் சேருமா, பழைய பாக்கியில் சேருமா என்பதில் உங்களோடு எனக்குப் பெரிய சண்டை இருக்கிறது. அடுத்த வீடியோவில் வைத்துக்கொள்ளலாம். அதற்குள் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.