கத்தரிக்கோலில் ஏறி வரும் நோய்

நேயர்களுக்கு வணக்கம். போன மாதம் இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரம் முழுக்க ஆர்க்கிட் தொட்டிகள். ஒரு கேட்லியாவைக் காட்டி, “பூத்து ஒரு வாரம் நல்லாத்தான் இருக்கு, அப்புறம் இப்படி ஆயிடுது” என்றார். ஊதா இதழில் தீப்பட்டதுபோலப் பழுப்புக் கீற்றுகள். இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பச்சைக்கு நடுவே வெளிறிய திட்டுகள் நீள நீளமாகத் தெரிந்தன.

பெரியம்மா உரத்தைச் சந்தேகப்பட்டார். எனக்குச் சந்தேகம் சிம்பிடியம் மொசைக் வைரஸ்மீது. 1950களின் தொடக்கத்திலேயே கலிஃபோர்னியாவில் விவரிக்கப்பட்ட இந்த வைரஸ், இன்று உலகில் ஆர்க்கிட் வளரும் இடமெல்லாம் இருக்கிறது. வளைந்து நெளியும் நூல் போன்ற உருவம். ஒரு மில்லிமீட்டருக்குள் 2,000-க்கும் மேற்பட்ட நூல்களை நுனியோடு நுனியாக அடுக்கிவிடலாம்.

அந்த நூலுக்குள் இருப்பது ஒற்றை இழை ஆர்என்ஏ, அதாவது வைரஸின் மரபுச் செய்தி எழுதப்பட்ட மூலக்கூறு. மனிதனின் மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். இதில் 6,200 சொச்சம்தான். மரபணுக்கள் ஐந்தே ஐந்து. எத்தனையோ ஆண்டு படித்தும் எனக்கு இந்தச் சிக்கனம் வியப்பாகவே இருக்கிறது. செடியின் செல்லுக்குள் நுழைந்ததும், செல் அந்த ஆர்என்ஏவைத் தன் சொந்தக் கட்டளை என்று நினைத்து அப்படியே வாசித்துப் புரதம் செய்கிறது. முதல் மரபணுவிலிருந்து வருவது நகலெடுக்கும் புரதம். அடுத்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி உட்கார்ந்திருக்கும். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே மிக மெல்லிய வாயில்கள் உண்டு. அவற்றின் வழியாக வைரஸை அடுத்த செல்லுக்குக் கடத்துவதுதான் இந்த மூன்றின் வேலை. கடைசி மரபணு உறைப்புரதத்துக்கு. அந்தப் புரதம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகளாகச் சுருள் சுருளாக அடுக்கி ஆர்என்ஏவைப் போர்த்திக்கொள்கிறது.

சரி, ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்கு எப்படிப் போகிறது? அசுவினி போன்ற பூச்சிகள் பல வைரஸ்களைச் சுமந்து திரியும். இதைச் சுமக்கும் பூச்சி எதுவும் அறியப்படவில்லை. விதை வழியாகவும் பொதுவாகப் பரவுவதில்லை. நோயுள்ள செடியை வெட்டிய கத்தரிக்கோலில் ஒட்டிய சாறு, பழைய தொட்டி, நம் விரல்: இவை போதும். நோயுள்ள தாய்ச்செடியைத் திசு வளர்ப்பில் பெருக்கினால், கண்ணாடிக் குப்பியில் வரும் கன்றுகளும் நோயோடு வரக்கூடும். 1981-இல் நம் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்க்கிட்டை நாம் தண்டு வெட்டி நட்டுத்தான் பெருக்குகிறோம். அப்படி வெட்டி நடும் செடியில் வைரஸ் இருந்தால், அதுவும் கூடவே வரும்.

நகலெடுக்கும்போது இந்த வைரஸ் பிழை விடும், திருத்தாது. அப்படியானால் நாட்டுக்கு நாடு வெகுவாக மாறியிருக்க வேண்டும். ஆனால் பல நாட்டு மாதிரிகளை ஒப்பிட்டால் உறைப்புரத மரபணு மிக நெருக்கமாக ஒத்துப்போகிறது. நாம் செடிகளோடு வைரஸையும் ஊர் ஊராகக் கொண்டு போனதுதான் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இதற்கு மருந்து கிடையாது. ஆகவே ஒரு செடியை வெட்டியதும் கத்தியைத் தீயில் காட்டுங்கள், இல்லையென்றால் செடிக்கொரு புது பிளேடு எடுங்கள். தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதாது.

அடுத்த முறை பெரியம்மா வீட்டுக்குச் சோதனைப் பட்டை எடுத்துப் போனேன். கோவிட் காலத்தில் நாம் மூக்கில் குச்சி விட்டுச் செய்தோமே, அந்த ஏஆர்டி போலத்தான். இங்கே இலைச்சாறு, தேடுவது உறைப்புரதத்தை. சில நிமிடத்தில் இரண்டு கோடுகள் விழுந்தன.

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. “இதிலிருந்து மூணு வீட்டுக்குக் கன்று பிரிச்சுக் கொடுத்திருக்கேனே” என்றார். பிறகு கேட்லியாவைத் தொட்டியோடு பையில் போட்டுக் கட்டினார். மிச்சமிருந்த பட்டைகளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.