பக்கிக்கு ஃபிளாஷ் அடிக்காதீங்க, காதைக் குடுங்க

வணக்கம் மக்களே! இன்பாக்ஸைத் திறந்தா ராத்திரி ரோட்டுல எடுத்த பக்கி (ராத்திரி பூச்சி புடிக்கிற பறவை, இங்கிலீஷ்ல நைட்ஜார்) போட்டோவா குவிஞ்சு கெடக்கு. எல்லாத்துலயும் ஃபிளாஷ், நடுவுல ரெண்டு செவப்புக் கண்ணு. "இது எந்தப் பக்கி?"ன்னா நான் என்னத்தைச் சொல்ல? நீலகிரிப் பக்கி எல்லாமே சருகு நிறம்தான். குரலை ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்கய்யா!

மசினகுடி முள்ளுக்காட்டுல 'சுக்... சுக்.. சுக்-சுக்-சுக்ரூ'ன்னு, சிமெண்டுத் தரையில காசு விழுந்து துள்ளி அடங்குற மாதிரி கேட்டா நாட்டுப் பக்கி. மலை மேல, மரம் நெறைஞ்ச எஸ்டேட் ஓரத்துல 'சக்கு-சக்கு-சக்கு'ன்னு வேகம் மாறாம ஓடுனா காட்டுப் பக்கி. நடுங்குற குரல்ல 'ச்-வோ-வோ'ன்னு விட்டு விட்டு வந்தா ஜெர்டன் பக்கி, 1845ல ஜெர்டன்ங்கிற பறவை ஆய்வாளர் விவரிச்சது. நிலா இருக்குற ராத்திரியாப் பாருங்க. அமாவாசைக்குப் போயிட்டு "ஒண்ணும் கத்தல"ன்னு எங்கிட்ட வராதீங்க.

நேர்ல பாக்கணும்னா, பக்கிக்குக் கண்ணு கூசாம இருக்க டார்ச் வாயில கட்டுற செவப்பு செலோபேன் தாள், ஃபேன்சி ஸ்டோர்ல பத்து ரூபா. பத்தே ரூபா! இதையே 'ஃபில்டர்'னு பேரு வெச்சு ஆன்லைன்ல அறுநூறுக்கு விக்கிறாங்க, வாங்கிடாதீங்க. ஒரு மடிப்புல வெள்ளை கசியும், மூணா மடிச்சு ரப்பர் பேண்டு போடுங்க. இறுக்கி ஒட்டக் கட்டுனா சூட்டுல தாள் சுருங்கிரும், கொஞ்சம் தொளதொளன்னு விடுங்க.

டார்ச்சை இடுப்புல புடிச்சா பக்கி முன்னாடியே இருந்தாலும் தெரியாது. அதோட விழித்திரைக்குப் பின்னாடி இருக்குற படலம் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும், அதனால உங்க கண்ணுக்குப் பக்கத்துல, நெத்தி ஓரமாப் புடிங்க. கண்ணு மின்னுச்சா, ஒடனே வெளிச்சத்தை எறக்கிருங்க. யானை நடக்குற பாதையில இந்த வேலையே வேணாம்.

ஆங், ரோட்டை விட்டுட்டேன். தார் ராத்திரியிலயும் கதகதன்னு இருக்கும், மேல பறக்குற பூச்சியும் வானத்து வெளிச்சத்துல நல்லாத் தெரியும், அதான் அங்க உக்காருது. ஹெட்லைட் பட்டா கண்ணு கூசி எந்திரிக்காது, நசுங்கிரும். லோ பீம் போட்டு நிறுத்துங்க, அதுவா பறந்துரும். அடிபட்டு ஏதாவது கெடந்தா, பக்கிதானான்னு தெரிய, தொடாம அதோட காலை மட்டும் கிட்டக்க போட்டோ எடுங்க: நடுவிரல் நகத்தோட உள்ஓரம் பூரா சீப்புப் பல்லு வெட்டியிருக்கும். வாயோரத்துல வெறைப்பா மயிரு.

கோடையில பகல்ல நடக்குறவங்களுக்கு ஒண்ணு. பக்கி கூடே கட்டாது, வெறும் சருகு மேல ஒண்ணோ ரெண்டோ முட்டை. காலடியில எந்திரிச்சு றெக்கை ஒடிஞ்ச மாதிரி புரண்டுச்சுன்னா பின்னாடி போகாதீங்க, நடிப்பு. முட்டை உங்க காலுக்குப் பக்கத்துலதான். வந்த தடத்துலயே ஒவ்வொரு அடியாப் பாத்து வெச்சுத் திரும்புங்க.