எலிப்பொறியில் இருக்கும் மெத்தியோனின்

(வேலூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். காற்று மாசு என்றதும் நுரையீரலில் கரி படிந்த படம்தான் நினைவுக்கு வரும். படிவது உண்மைதான். ஆனால் புகை சும்மா படிந்து கிடப்பதில்லை, நம் புரதங்களோடு வேதிவினை புரிகிறது. இரண்டு புரதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

முதலாவது ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின். இது குறைவாக இருப்பவர்களுக்கு நுரையீரல் சிதைகிறது என்று 1963-இல் ஸ்வீடனில் லாரெல், எரிக்சன் என்ற இருவர் எழுதினார்கள். கல்லீரலில் உருவாகி இரத்தத்தோடு நுரையீரலுக்கு வரும் புரதம் இது. அங்கே கிருமியோ நுண்துகளோ நுழைந்தால் வெள்ளை அணுக்கள் கூடிவந்து எலாஸ்டேஸ் என்ற நொதியை வெளியிடும். கிருமியை அழிக்க வந்த அந்த நொதி, நுரையீரல் விரிந்து சுருங்க உதவும் எலாஸ்டின் நாரையும் விட்டுவைக்காது. அதைப் பிடித்து அடக்குவதுதான் ஆன்டிடிரிப்சினின் வேலை.

பிடிக்கும் விதம் அப்படியே எலிப்பொறிதான். 394 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியில் 358-ஆவது இடத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதுதான் பொறியில் வைத்த வடை. எலாஸ்டேஸ் வந்து கடிக்கும், பொறி மடங்கும், நொதி மாட்டிக்கொள்ளும். பீடிப் புகையும் சிகரெட் புகையும் அந்த மெத்தியோனினின் கந்தகத்தில் ஒரே ஒரு ஆக்சிஜன் அணுவை ஏற்றிவிடுகின்றன. அவ்வளவுதான், எலாஸ்டேஸ் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. நுரையீரலின் நார்கள் அறுபட ஆரம்பிக்கின்றன. அறுந்த காற்றுப்பைச் சுவர் மறுபடி வளராது. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. விறகடுப்புப் புகையும் வெள்ளை அணுக்களை நுரையீரலுக்குள் வரவழைக்கும். அந்த அணுக்கள் கக்கும் ஆக்சிஜனேற்றிகளும் இதே மெத்தியோனினைக் கெடுக்கும்.

அப்புறம் இரண்டாவது புரதம், நம் செல்களுக்குள் இருக்கும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் கடைசியில் போய்ச் சேரும் இடம் இதுதான். ஹைட்ரஜன் சல்பைடு வாயு இதிலுள்ள இரும்பு அணுவில் ஒட்டிக்கொண்டால் இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்லுக்குப் பயனில்லை.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு அழுகிய முட்டை நாற்றம் என்றால் உடனே புரியும். அங்குள்ள டேனரிகளில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில், மாட்டுத்தோல் ஆட்டுத்தோலில் முடி நீக்கப் பயன்படும் சோடியம் சல்பைடு கலந்த கழிவோடு அமிலக் கழிவு சேர்ந்தால் இந்த வாயு கிளம்பும். கழிவுத் தொட்டியில் தேங்கிய சேற்றிலும் நுண்ணுயிரிகள் இதை உண்டாக்கும். காற்றைவிடக் கனமானது என்பதால் அடியிலேயே தங்கும். அளவு 100 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கை, எட்டும்போது மூக்கு மரத்துப்போய்விடும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று ஒருவர் நினைக்கும் அந்த நேரத்தில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும்.

டேனரியில் வேலை செய்யும் தம்பிகள் இங்கே இருப்பீர்கள். தொட்டிக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால், அவர் அண்ணனே ஆனாலும், மூச்சுக்காற்றுச் சிலிண்டர் மாட்டாமல் இறங்காதீர்கள். முதலில் 101-க்கும் 108-க்கும் கூப்பிடுங்கள். முகத்தில் கைக்குட்டை கட்டினாலும் துணி முகமூடி போட்டாலும் இந்த வாயு நிற்காது.