மயக்கம் எண்ட ஒரு சொல்லுக்குள்ள

வணக்கம். இண்டைக்கு என்னைக் கதைக்கக் கூப்பிட்ட நிலையத்தாருக்கு நன்றி. நான் யாழ்ப்பாணத்தில கன வருசமா பிள்ளையளின்ர பல்லுப் பாக்கிற வைத்தியர். கிழமைக்கு நாலஞ்சு அம்மாமார் எண்டாலும் என்னட்டக் கேக்கிற ஒரு கேள்வியத்தான் இண்டைக்கு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறன். "டொக்டர், இவன் வாயே திறக்கிறானில்லை, மயக்கிப்போட்டுப் புடுங்கேலாதோ?" அதே கேள்விய மறுபக்கத்தால கேக்கிறவையும் இருக்கினம், மருந்து குடுத்துச் செய்வம் எண்டு நான் சொல்லி வாய் மூடேல்லை, "ஐயோ மயக்கமோ, வேண்டாம் டொக்டர், பிள்ளை எழும்பாட்டி என்ன செய்யிறது" எண்டு கண் கலங்கிப்போடுவினம்.

ரெண்டு பேரும் ஒரே சொல்லத்தான் சொல்லுகினம். எங்கட பேச்சில வெயிலுக்க நிண்டு விழுந்தாலும் மயக்கம், தியேற்றரில ஒப்பரேசனுக்குக் குடுக்கிறதும் மயக்கம், பிள்ளை கண் முழிச்சுக் கதைச்சுக்கொண்டு பயமில்லாமல் இருக்கக் குடுக்கிறதும் மயக்கம். ஆனா இதுகள் எல்லாம் வேற வேற விசயங்கள். எது எதெண்டு தெரியாமல் பயப்பிடுறதும் பிழை, தெரியாமல் கேக்கிறதும் பிழை, அதுதான் பிரிச்சுச் சொல்லுவமெண்டு வந்தன்.

அதுக்கு முதல் ஒரு விசயம். நான் வேலை பழகின காலத்தில, எந்த இடமெண்டு சொல்லேல்லை, அஞ்சு வயசுப் பிள்ளையொண்டைப் பச்சைத் துவாயால சுத்தி, ரெண்டு பேர் கையையும் காலையும் பிடிக்க, ஒரு ஆள் தலையைப் பிடிக்க, பல்லு ஒரு நிமிசத்தில வெளியில வந்திட்டுது. எல்லாரும் "முடிஞ்சுது முடிஞ்சுது" எண்டு சந்தோசப்பட்டம். அந்தப் பிள்ளை பேந்து என்னட்ட வந்தது 14 வயசில, ஒரு பக்கத்துச் சொக்கை வீங்கி, கண் இடுங்கி, ரெண்டு நாள் நித்திரையில்லாமல். 6 வயசில முளைச்ச கொடுப்புப் பல்லு, சாகும்வரைக்கும் இருக்கவேண்டிய பல்லு, முழுக்கச் சூத்தையாப் போய் ஒண்டும் செய்யேலாத நிலை. ஏனம்மா முதல் வரேல்லை எண்டு கேட்டதுக்கு அவா சொன்னது "அந்தப் பச்சைத் துவாய்" எண்டு மட்டும்தான். அண்டையில இருந்து பச்சைத் துவாய் என்ர கிளினிக்கில இல்லை. பிள்ளையை அமத்திப் பிடிச்சுச் செய்யிறதில ஒரு பல்லு போகும், ஆனா ஒன்பது வருசமும் போகும்.

சரி, இப்ப மருந்துகளுக்கு வாறன். முதலாவது சிரிப்பு வாயு, நைற்றஸ் ஒக்சைட். பேர் அப்பிடியெண்டாலும் பிள்ளையள் விழுந்து விழுந்து சிரிக்கிறேல்லை, முகத்தில ஒரு இளக்கம் வரும், அவ்வளவுதான். இது புது மருந்தெண்டு நினைக்காதேங்கோ, 1844 டிசம்பரில அமெரிக்காவில ஹொரஸ் வெல்ஸ் எண்ட பல்லு வைத்தியர் தன்ர சொந்தப் பல்லையே இந்த வாயுவை இழுத்துப்போட்டுப் புடுங்குவிச்சுப் பாத்தவர். இப்ப நாங்கள் குடுக்கிறது அந்தமாதிரித் தனி வாயு இல்லை, ஒக்சிசனோட கலந்துதான். நாங்கள் இப்ப மூச்சு விடுற காத்தில ஒக்சிசன் 21 வீதம், அந்த மெசின் ஒக்சிசனை 30 வீதத்துக்குக் கீழ போக விடாது, அதால வழமையை விடக் கூட ஒக்சிசன்தான் பிள்ளைக்குப் போகுது.

எப்பிடி நடக்குமெண்டு சொல்லுறன். மூக்குக்கு மேல மட்டும் ஒரு சின்ன ரப்பர் மூடி வைப்பம், வாய் திறந்துதான் இருக்கும். போன கிழமை வந்த தம்பிக்கு 7 வயசு, கதிரையில ஏறும்போது அம்மாவின்ர சோல் தலைப்பை விடவே இல்லை, விரல் மூட்டெல்லாம் வெள்ளையாப் போயிருந்தது. மூடியை முதல் அவன்ர கையில குடுத்து, தன்ர பாட்டில மணந்து பாக்கச் சொல்லி, பேந்து மூக்கில வைச்சு, "மூக்கால இழு, மூக்கால விடு" எண்டு மெல்லமாச் சொல்லச் சொல்ல ஒரு மூண்டு நிமிசம் போயிருக்கும், அந்தச் சோல் தலைப்பு தானா அவன்ர கையில இருந்து நழுவிக் கீழ விழுந்தது. கால் நுனி கூசுது எண்டான். முரசில முதல் விறைக்கிற ஜெல் பூசி, பேந்துதான் ஊசி. முடிஞ்ச பிறகு அஞ்சு நிமிசம் தனி ஒக்சிசன், பிறகு இறங்கி நடந்து போனான்.

ஆனா இது எல்லாருக்கும் சரிவராது. தடிமன் பிடிச்சு மூக்கடைச்ச பிள்ளைக்கு வேலை செய்யாது, மூக்கால இழுக்கச் சொன்னா விளங்காத சின்னப் பிள்ளைக்கும் வேலை செய்யாது, மூடியைத் தட்டிவிட்டுக் கத்துற பிள்ளைக்கும் அப்பிடித்தான். எல்லாக் கிளினிக்கிலயும் அந்த மெசினும் இல்லை, கேட்டுப்போட்டுப் போங்கோ. இன்னொண்டு, முழிச்சிருக்கிற பிள்ளைக்கு எந்த மருந்து குடுத்தாலும் விறைப்பூசி தேவை. பயத்தைக் குறைக்கிற மருந்து வேற, நோவை நிப்பாட்டுற மருந்து வேற. மயக்கினா ஊசி இல்லை எண்டு பிள்ளைக்குச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வராதேங்கோ, பிறகு அது உங்களையும் நம்பாது என்னையும் நம்பாது.

ரெண்டாவது, வாயால குடிக்கக் குடுக்கிற மருந்து, மிடசோலம். கைப்பான சாமான், இனிப்புப் பாணியில கலந்துதான் குடுப்பம். நிறுத்துப் பாத்து நிறைக்கு ஏத்தமாதிரிக் கணக்குப் பாத்துக் குடுக்கவேணும், வயசைப் பாத்து இல்லை. 20, 30 நிமிசத்தில பிள்ளை வெறிச்சமாதிரித் தள்ளாடும், சொன்னாக் கேக்கும், பேந்து கேட்டா நடந்தது கனக்க ஞாபகம் இருக்காது. சில பிள்ளையளுக்கு இது எதிராயும் வேலை செய்யும், அமைதியாகிறதுக்குப் பதிலா அழுது உதைஞ்சு கத்துவினம். அதை முதலே சொல்லிவிடுறது, ஏனெண்டா அம்மாமார் பயந்துபோயிடுவினம்.

இந்த மருந்தில நான் கண்டிப்பா நிக்கிற இடங்கள் சிலது இருக்கு. வெறும் வயிறு. சாப்பாடும் மாப்பாலும் 6 மணித்தியாலம், தாய்ப்பால் 4, தெளிஞ்ச வெறும் தண்ணி 2 மணித்தியாலம். ஒருக்கா எல்லாம் ஆயத்தம் பண்ணிப்போட்டு கடைசியா "விடியக் காலம ஒண்டும் குடுக்கேல்லைத்தானே" எண்டு கேக்க அம்மா இல்லையெண்டு தலையாட்டுறா, பக்கத்தில இருந்த அம்மம்மா மெல்லமா, "வெளிக்கிடேக்க ரெண்டு மாரி பிஸ்கற்றும் கொஞ்சம் தேத்தண்ணியும் குடுத்தனான் பிள்ளை, பசி தாங்கமாட்டான்" எண்டா. அண்டைக்கு அவையளைத் திருப்பி அனுப்பினன். அம்மம்மா பாவம், அன்பிலதான் குடுத்தவா, ஆனா அரை நித்திரையில இருக்கிற பிள்ளை சத்தி எடுத்தா அது மூச்சுக்குழாய்க்குள்ள போகும். அதால வீட்டில அடுப்படிக்குப் போற எல்லாருக்கும் முதல்நாளே சொல்லிவையுங்கோ.

குறட்டை விடுற பிள்ளையோ, ரொன்சில் பெரிசோ, இழுப்பு இருக்கோ, எனக்கு ஒளிக்காமல் சொல்லுங்கோ. பிள்ளையளின்ர மூச்சுப்பாதை சரியான ஒடுக்கம், நாங்கள் வேலை செய்யிற இடமும் அதே வாய்தான், தண்ணியும் அங்கதான் நிக்குது. லேசா மயங்கட்டும் எண்டு குடுத்தது சில நேரம் நாங்கள் நினைச்சதை விட ஆழமாப் போயிடும், அதுக்காகத்தான் கொரோனா நேரம் எல்லாரும் பாத்த அந்த விரலில மாட்டுற கிளிப்பைப் பிள்ளையின்ர விரலில மாட்டி ஒக்சிசன் அளவைப் பாத்துக்கொண்டே இருக்கிறது. மருந்தை முறிக்கிற மாற்று மருந்தும் கையில ஆயத்தமா இருக்கவேணும்.

வீட்டில இருந்து தடிமன் பாணி மருந்தைக் கூடக் குடுத்து நித்திரையாக்கிக் கொண்டுவாறவை இருக்கினம். தயவுசெய்து செய்யாதேங்கோ. என்ர பக்கத்தில ஒக்சிசன் இருக்கு, உங்கட வீட்டில இல்லை. அதேமாதிரித்தான் திரும்பிப் போறதும். மருந்து குடிச்ச பிள்ளையை மோட்டச்சைக்கிளில முன்னுக்கு இருத்திக்கொண்டு போனா அதின்ர தலை முன்னுக்குச் சரிஞ்சு நாடி நெஞ்சில முட்டும், மூச்சு அடைபடும், ஓடுறவருக்கு அது தெரியவே தெரியாது. ஓட்டோவில வாங்கோ, ரெண்டு பெரியாக்கள் வாங்கோ, ஒரு ஆள் வழி முழுக்கப் பிள்ளையின்ர முகத்தைப் பாத்துக்கொண்டே இருக்கோணும்.

மூண்டாவது முழு மயக்கம், அது ஆஸ்பத்திரித் தியேற்றரில, மயக்க மருந்து வைத்தியர் நிண்டு குழாய் வைச்சுச் செய்யிறது. 3 வயசில பத்துப் பன்ரெண்டு பல்லும் சூத்தையா வந்து, ராவில அழுகிற பிள்ளைக்கு, அல்லது ஓட்டிசம் இருந்து கதிரையில ஏறவே ஏலாத பிள்ளைக்கு, அதுதான் இரக்கமான வழி, ஒரே நாளில எல்லாம் முடியும். மூளைக்கு ஏதும் வருமோ எண்டு கேப்பியள். 3 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைக்கு 3 மணித்தியாலத்துக்கு மேல, அல்லது திரும்பத் திரும்பக் குடுக்கிறதைப் பற்றி 2016ல அமெரிக்காவில மருந்துகளைக் கட்டுப்படுத்துற அரச நிறுவனம் எச்சரிச்சது. ஒருக்கா, குறைஞ்ச நேரம் குடுக்கிறது வேற கதை, அதுக்குப் பயந்து சீழ் பிடிச்ச பல்லை வாயில வைச்சிருக்கவேண்டாம்.

மருந்தே வேண்டாத பிள்ளையளும் கனபேர். சின்னச் சூத்தைக்கு வெள்ளி கலந்த ஒரு திரவம் இருக்கு, தொட்டுப் பூசினாக் காணும், ஊசி இல்லை, சத்தம் இல்லை, சூத்தை பெரும்பாலும் அதோட நிண்டுபோகும், ஆனா பூசின இடம் கறுக்கும். கறுப்பைப் பாத்து அப்பாமார் முகம் சுழிக்கினம், விழப்போற பால்பல்லுத்தானே, கறுத்தாப் பரவாயில்லை எண்டுதான் நான் சொல்லுறது.

நீங்கள் எந்த வைத்தியரிட்டப் போனாலும், அவர் மயக்கிச் செய்வம் எண்டு சொன்னா ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கோ. "நீங்கள் பல்லைப் பாத்துக்கொண்டிருக்கேக்க என்ர பிள்ளையின்ர மூச்சை ஆர் பாத்துக்கொண்டிருப்பினம்?" அதுக்கெண்டு தனியா ஒரு பழக்கப்பட்ட ஆளைக் காட்டினா இருங்கோ, காட்டாட்டி எழும்பி வாங்கோ. அப்பிடிக் கேட்டதுக்கு ஒரு வைத்தியரும் கோவிக்கக்கூடாது, என்னட்டயும் கேளுங்கோ.

நன்றி, வணக்கம்.