பாலைவனக் கோட்டையைத் தண்ணீர் கரைக்கிறது! கிருஷ்ணகிரியும் தருமபுரியும் கவனிக்க வேண்டிய ஜெய்சல்மேர்

வணக்கம். ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழையே பெறும் தார்ப் பாலைவனத்தில், 1156-இல் மன்னர் ராவல் ஜெய்சல் நிறுவிய ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் கோட்டையின் அடித்தளத்தைத் தண்ணீர் இளக்கிவருகிறது. அதில் பெரும்பகுதி மழைநீர் அன்று, குழாய்நீர்.

பழைய வரலாறு சுருக்கமானது. ஒட்டக வணிகத்தால் செழித்த ஜெய்சல்மேர், வணிகம் கடல்வழிக்கு மாறியதும் நலிந்தது. 1974-இல் சத்யஜித் ரேயின் 'சோனார் கெல்லா' (பொற்கோட்டை) என்ற வங்கத் திரைப்படம் வெளிவந்தபின், அந்தப் பொன்னிறக் கோட்டையைக் காண வங்காளிகள் திரளாக வரத் தொடங்கினார்கள். குளிர்காலத்துப் பௌர்ணமியை ஒட்டிய பாலைவனத் திருவிழாவும், சாம் மணல்மேடுகளின் ஒட்டகச் சவாரியும் ஊரின் பெயரை மேலும் பரப்பின.

இனி, நிதானமாகப் பார்க்க வேண்டிய பகுதி. அந்தக் கோட்டைக்குள் இன்றும் சில ஆயிரம் பேர் குடியிருக்கிறார்கள். முன்னோர்கள் கடிசர் ஏரியிலிருந்து குடத்தில் சுமந்துவந்த நீரை அளந்து செலவழித்தார்கள்; தெருவோரத் திறந்த சாக்கடை அந்த அளவு நீருக்கே அமைக்கப்பட்டது. பிறகு குழாய் வந்தது, வீடுகள் விடுதிகளாக மாறின, அறைதோறும் குளியலறையும் கழிப்பறையும் எழுந்தன. வெளியேற வழியற்ற கழிவுநீர், மணற்கல்லுக்கு அடியிலுள்ள களிமண் கலந்த பாறை அடுக்குகளில் கசிந்து அவற்றை இளக்கியதால், மேலே நின்ற மதில்கள் விரிசல் கண்டன, சில பகுதிகள் சரிந்தும் விழுந்தன. உலக நினைவுச்சின்ன நிதியம் 1996-இலேயே இக்கோட்டையைத் தன் ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது. 2013-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதி கிடைத்தபோதும், வடிகால் வேலை முடிந்துவிடவில்லை.

சுற்றுலாத் திட்டத்தில் விளம்பரத்துக்கு முன்னால் வடிகாலும் கழிப்பறையும் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம் பாராமகால் (கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தின் பழைய பெயர்) கோட்டைகளில் யாரும் குடியிருக்கவில்லை என்பதால், கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கும் ராயக்கோட்டைக்கும் இதே ஆபத்து இல்லை. ஆனால் ஒகேனக்கல்லில் எண்ணெய்க் குளியல், பரிசல், மீன் வறுவல் என விடுமுறை நாளில் கூடும் கூட்டத்தின் கழிவு எங்கே போகிறது? மல்லசந்திரத்தின் பெருங்கற்கால ஈமச் சின்னங்களான கல்திட்டைகளையும், தமிழகத்தில் இரும்பின் காலத்தைக் கி.மு. 2172 வரை பின்னோக்கி நகர்த்திய மயிலாடும்பாறையையும் நாடு முழுவதும் அறிய வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். அங்கே வருபவருக்கு நிழலும் குடிநீரும் கழிப்பறையும் எவ்விடத்தில் அமைந்தால் தொல்லிடம் கெடாது என்பதை இப்போதே வரையறுத்தாக வேண்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களே, உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கோட்டையிலோ நடுகல்லிலோ நிழல், குடிநீர், கழிப்பறை ஆகியவற்றுள் எது இல்லை என்பதை இடத்தின் பெயரோடு கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.