துடைப்பம் வராத தெருவில் 65 டாலர் எதற்கு?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மட்டும் என்னை விடவே இல்லை. நியூயார்க்கில், குயின்ஸ் பக்கம் குடியிருக்கும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்.

"எங்கள் தெருவில் செவ்வாய்க்கிழமை காலை 9.30 முதல் 11 மணி வரை ஒரு பக்கம் கார் நிறுத்தக்கூடாது. கூட்டும் வண்டி வருமாம். 10.45-க்கு இறங்கிப் போனால் கண்ணாடியில் 65 டாலர் டிக்கெட். எதிர்ப் பக்கத்தில் இரண்டாவது வரிசையாக அத்தனை கார்கள் நிற்கின்றன, அவற்றுக்கு ஒன்றும் இல்லை. தெருவும் சுத்தமாக இல்லை. இது தெருவைக் கூட்டுவதற்கா, கஜானாவை நிரப்புவதற்கா?"

நல்ல சூடான கேள்வி. 65 டாலர் கொடுத்தவருடைய சூடு. நியாயம்தான்.

முதலில், ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி. நியூயார்க்கில் இதற்கு ஆல்டர்னேட் சைடு பார்க்கிங் என்று பெயர். தெருவின் ஒரு ஓரத்தை ஒரு நாள், மறு ஓரத்தை வேறொரு நாள், பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்துக்குக் காலி செய்து கொடுக்க வேண்டும். சிவப்புப் பலகையில் 'பி' எழுத்தின் மேல் ஒரு துடைப்பம் சாய்ந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். 1950-இல் மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் ஆரம்பித்தார்கள். அதுவரை இரவு முழுக்கக் காரைத் தெருவில் விடுவதே விதிப்படி கூடாது. விட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், அது வேறு விஷயம். கூட்டுபவர்களுக்கு ஓரம் வேண்டும், கார்க்காரர்களுக்கும் ஓரம் வேண்டும். அதனால் முறை வைத்துக்கொண்டார்கள்.

ஏன் ஓரம்தான் வேண்டும்? சாலையில் விழுகிற மண், இலை, டயர் தூள், சிகரெட் துண்டு எல்லாம் ஓடுகிற வண்டிகளின் காற்றில் ஒதுங்கி ஒதுங்கி நடைபாதைக் கல்லை ஒட்டிய அந்த ஒரு மீட்டர் அகலத்தில்தான் போய்ச் சேரும். தெரு நடுவைக் கூட்ட வேண்டிய அவசியமே பெரிதாக இல்லை. கூட்டும் வண்டியை ஒரு தடவை நின்று பாருங்கள். பக்கவாட்டில் ஒரு வட்டத் துடைப்பம் சுழன்று, கல்லோரத்தில் இருப்பதை உள்பக்கம் தள்ளும். பின்னால் உருளை மாதிரி இன்னொன்று அதை வாரி மேலே ஏற்றும். தூசி கிளம்பாமல் முன்னால் தண்ணீர் தெளித்துக்கொண்டே போகும். அது சட்டென்று வளைந்து திரும்புகிற வண்டி இல்லை. நடுவில் ஒரே ஒரு கார் நின்றால், அதற்கு முன்னாலேயே விலகி, அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்த்தான் மறுபடி ஓரத்தைப் பிடிக்கும். அதாவது நின்றது ஒரு கார், விட்டுப்போனது மூன்று கார் இடம். நவம்பரில் இலை கொட்டும்போது அந்த மூன்று கார் இடத்தில் மழைநீர்ச் சல்லடை ஒன்று இருந்துவிட்டால் அடுத்த மழைக்கு முக்கில் குளம்தான். நியூயார்க்கின் பெரும்பகுதியில் மழைநீரும் வீட்டுச் சாக்கடையும் ஒரே குழாயில் போகின்றன, பெருமழை பெய்தால் இரண்டும் கலந்து ஆற்றில் வழிகிறது. குழாய்க்குள் போவதற்கு முன் தெருவில் வாரிவிடுகிற ஒவ்வொரு கூடைக் குப்பையும் லாபம்.

சரி, தம்பி கேட்டதற்கு வருகிறேன். கஜானாவுக்குப் பணம் போகிறதா? போகிறது, இல்லை என்று யார் சொன்னார்கள். ஆனால் பணத்துக்காக மட்டும்தான் என்றால் நகரம் 2022-இல் செய்ததைச் செய்திருக்காது. அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். நான் அடிக்கடி சொல்கிற விஷயம் அதில்தான் இருக்கிறது: ஜனங்கள் அபராதத்துக்காக வண்டியை எடுப்பதில்லை, துடைப்பத்துக்காக எடுக்கிறார்கள்.

2020 கோடையில், கொரோனா நேரம், வாரத்துக்கு இரண்டு நாள் என்று இருந்த தெருக்களில் பலகையில் எழுதியிருக்கும் கடைசி நாள் மட்டும் போதும் என்று தளர்த்தினார்கள். மக்களுக்கு நிம்மதி. வண்டிக்காரர்களில் ஒரு பகுதியினர் என்ன செய்தார்கள் தெரியுமா? கணக்குப் போட்டார்கள். வாரம் ஒரு டிக்கெட், 65 டாலர். மாதத்துக்கு நான்கு வாரம், 260. மன்ஹாட்டனில் ஒரு கராஜில் இடம் பிடித்தால் மாதம் பல நூறு டாலர். அப்புறம் எதற்கு எடுக்க வேண்டும்? டிக்கெட்டை வாடகை மாதிரி கட்டிவிட்டு வண்டியை அப்படியே விட்டுவிட்டார்கள். கஜானாவுக்கு அது கொண்டாட்டம்தானே? ஆனால் தெரு நாறியது. கூட்டும் வண்டி வரும், வளைந்து வளைந்து நடுவில் போகும், போய்விடும். கடைசியில் 2022 ஜூலை 5 முதல் பழையபடி வாரம் இரண்டு நாள் என்று கொண்டுவந்தார்கள். மறுபடியும் காலையில் வண்டிக்குள் உட்காரும் வாழ்க்கை. திட்டாதவர் இல்லை. ஆனால் ஓரம் தெரிந்தது.

கவனியுங்கள், 65 டாலர் அப்படியேதான் இருந்தது, ஒரு சென்ட் கூடவில்லை. மாறியது துடைப்பம் வருகிற நாட்கள். அதனால்தான் சொல்கிறேன், டிக்கெட்டுக்குப் பின்னால் துடைப்பம் வந்தால் அது விதி. துடைப்பம் வராமல் டிக்கெட் மட்டும் வந்தால் அது வாடகை ரசீது. தம்பியின் கோபம் 65 டாலர் மேல் இல்லை. தெரு சுத்தமாக இல்லை என்று அவரே எழுதியிருக்கிறாரே, அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு வழியையும் இந்த ஊர் பார்த்துவிட்டது. அவமானப்படுத்துவது. எண்பதுகளின் கடைசியிலிருந்து இங்கே ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பளீரென்ற மஞ்சள்பச்சை. இந்த வண்டி நின்றதால் தெருவைச் சுத்தம் செய்ய முடியவில்லை என்கிற மாதிரி பெரிய எழுத்தில், கார் ஜன்னலில். அதன் பசை இருக்கிறதே, சாமானியத்தில் வராது. வெந்நீர், பிளேடு, நகம் எல்லாம் போட்டுச் சுரண்டினாலும் மூலையில் வெள்ளைத் தாள் திட்டுத்திட்டாக நிற்கும். 2012-இல் நகர சபை இதை நிறுத்தியது. மேயர் புளூம்பெர்க் வீட்டோ செய்தார், அதையும் மீறிச் சபை நிறைவேற்றியது. வாதம் என்னவென்றால், டிக்கெட்டை எதிர்த்து ஒருவர் ஜெயிக்கலாம், ஆனால் ஸ்டிக்கர் அதற்கு முன்பே தண்டனை கொடுத்துவிடுகிறது. எனக்கு அந்த வாதம் பிடித்திருந்தது. பசையைச் சுரண்டுகிறவனுக்குத் தெருச் சுத்தத்தின் மேல் பாசம் வளராது.

இப்போது அந்த இரண்டாவது வரிசை. தம்பி, உங்களை அதிகம் எரிச்சல்படுத்தியது அதுதான் என்று தெரிகிறது. ஓரத்தில் நிற்கும் காரை ஒட்டி இன்னொரு காரை நிறுத்துவது, டபுள் பார்க்கிங், எந்த நேரத்திலும் கூடாது, கூட்டும் நேரத்திலும் கூடாது. எழுத்தில் இருக்கும் விதி அது. நடப்பில் பல தெருக்களில் அந்த ஒன்றரை மணி நேரம் எல்லோரும் எதிர்ப் பக்கம் இரண்டாவது வரிசை போடுகிறார்கள், டிக்கெட் போடுகிறவர்களும் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. சில நாள் கண்டுகொள்வார்கள். அப்போது போய் "வழக்கம்தானே" என்று வாதாடினால் செல்லாது.

ஆனால் அந்த வழக்கத்துக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது, அதைப் பார்க்காமல் விடாதீர்கள். நான் இருந்த ஒரு தெருவில், இரண்டாவது வரிசையில் விடுகிறவர் டாஷ்போர்டில் தொலைபேசி எண் எழுதிய சீட்டை வைப்பார். சீட்டு இல்லையென்றால் தெருவே பேசும். உள்ளே மாட்டிக்கொண்டவர் ஹாரனை நீளமாக ஒரு தடவை அடிப்பார். இரண்டு ஜன்னல் திறக்கும், "அது மூன்றாவது மாடிக்காரர் வண்டி" என்று யாராவது குரல் கொடுப்பார், அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி வருவார். கூட்டும் வண்டி தெருமுனையில் திரும்பியதும், காருக்குள் காபியோடு உட்கார்ந்திருப்பவர்கள் வரிசையாக ஓரத்தை விட்டு வெளியே எடுத்துக் கொடுப்பார்கள். அது தாண்டியதும், இலை போட்டவுடன் பந்தியில் உட்காருகிற மாதிரி, அதன் பின்னாலேயே அவரவர் இடத்தில் போய் உட்காருவார்கள். அதற்குள் ஈரம்கூடக் காய்ந்திருக்காது. அந்தத் தெருவில் டிக்கெட் பயம் கொஞ்சம் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய பயம், "உன் ஒரு வண்டியால் நம் வாசல் கூட்டப்படவில்லை" என்று பக்கத்து வீட்டம்மா கேட்டுவிடுவாரோ என்பது. அவர் கேட்பார். ஒரு தடவை ஒருவருடைய அழைப்பு மணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர் பைஜாமாவோடு இறங்கி வரும் வரை விடவில்லை. வண்டி எடுத்த பிறகு, "நன்றி" என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த ஸ்டிக்கருக்கும் அந்தப் பலம் கிடையாது.

சரி, இப்போது கர்னல் வேரிங். குப்பைத் தொட்டி பற்றிய பேச்சில் இவரைச் சொன்னேன், பழைய நேயர்களுக்கு நினைவிருக்கும். மறுபடியும் சொல்கிறேன், அலுக்காது. ஜார்ஜ் வேரிங், அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருந்தவர், வடிகால் பொறியாளர். 1895-இல் நியூயார்க் தெருக்களைச் சுத்தம் செய்யும் துறைக்குத் தலைவராக வந்தார். அப்போது கார் இல்லை, ஆனால் ஓரத்தில் நிறுத்துகிற பிரச்சினை இருந்தது! வண்டிக்காரர்கள் குதிரையை அவிழ்த்து லாயத்துக்குக் கொண்டுபோய்விட்டு, வெறும் வண்டியை இரவில் தெரு ஓரத்திலேயே விட்டுவிடுவார்கள். அதற்கடியில் சாணமும் குப்பையும். வேரிங் வந்தார், அந்த வண்டிகளை அகற்றினார். கூச்சல் போட்டார்கள், விடவில்லை. கூட்டுகிறவர்களுக்கு வெள்ளைச் சீருடை கொடுத்து, 1896-இல் அவர்களை ஐந்தாம் அவென்யூவில் அணிவகுப்பாக நடக்கவைத்தார். சாணம் அள்ளுகிற ஆளுக்கு வெள்ளை உடையா என்று சிரித்தார்கள். ஆனால் ஜனங்களுக்குத் துடைப்பம் கண்ணில் பட்டது. நான் சொல்வதும் அதுதானே.

அவர் செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது, சிறுவர் சங்கங்கள். குடியேறி வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து, பேட்ஜ் கொடுத்து, தங்கள் தெருவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, பிள்ளைக்கு வரும். நகரத்தின் விதியைப் பிள்ளைதான் வீட்டுக்குக் கொண்டுபோகும். நம் வீடுகளிலும் இன்று அதுதான் நடக்கிறது. "அப்பா, இன்றைக்கு வியாழக்கிழமை, வண்டியை எடு" என்று சொல்வது யார்? வேரிங் மூன்று வருடம்கூட முழுதாக இருக்கவில்லை, ஆட்சி மாறியது, போய்விட்டார். 1898-இல் ஹவானாவில் சுகாதார வேலைக்குப் போன இடத்தில் மஞ்சள் காய்ச்சல் பிடித்து, நியூயார்க் திரும்பியதும் இறந்தார்.

தம்பி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். 65 டாலர் எதற்கு என்று கேட்டீர்கள். வாரத்தில் மற்ற நூற்றுச் சொச்சம் மணி நேரமும் அந்த ஓரம் உங்களுக்கு ஏன் இலவசம் என்று கேட்கவில்லையே? இந்த நகரத்தில் தெருவோரத்தில் சுமார் 30 லட்சம் கார் இடங்கள் இருக்கின்றன. மீட்டர் இருப்பது அதில் மிகச் சிறு பங்கு. ஊரில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் காரே கிடையாது. வேரிங் காலத்தில் வெறும் வண்டியைத் தெருவில் விடுவது அசிங்கம் என்று அகற்றினார்கள். 1950-இல் கூட்டுவதற்கு வழிவிட்டால் போதும், தாராளமாக விட்டுக்கொள் என்றார்கள். அந்த இடத்துக்கு நாம் தருகிற வாடகை வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை எழுந்து வண்டியை எடுப்பது, அவ்வளவுதான். கார் இல்லாத பாட்டியும் அதே தெருவில்தான் இருக்கிறார், அவர் வாசலையும் சேர்த்துத்தான் நாம் அடைத்து நிற்கிறோம். இதைச் சொன்னால் கார் வைத்திருக்கும் நண்பர்கள் என்னோடு பேசமாட்டார்கள். பரவாயில்லை.

கடைசியாக, கைக்கு உதவுகிற விஷயங்கள். டிக்கெட் வந்தால் 30 நாட்களுக்குள் கட்டுங்கள் அல்லது எதிர்த்து முறையிடுங்கள், இணையத்திலேயே செய்யலாம். பலகை மரத்தால் மறைந்திருந்தது, எழுத்து அழிந்திருந்தது என்றால் அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். தாமதமானால் அபராதத்தின் மேல் அபராதம் ஏறும். அப்படித் தீர்ப்பாகிவிட்ட பாக்கி 350 டாலரைத் தாண்டினால் சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள். பலகையில் உள்ள நேரம் தொடங்கி 5 நிமிடம் சலுகை உண்டு. தம்பியின் 10.45 அதில் சேராது.

பண்டிகை நாட்களில் இந்த விதியை நிறுத்திவைப்பார்கள். யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் பண்டிகைகள், சீனப் புத்தாண்டு, நம் தீபாவளி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தீபாவளியன்று ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர்கள் கவனிக்கவும்: நின்றிருப்பது கூட்டுகிற விதி மட்டும், மீட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மீட்டரும் சேர்ந்து ஓய்வெடுப்பது கிறிஸ்துமஸ், புத்தாண்டு போன்ற சில பெரிய விடுமுறைகளில்தான். பொங்கல் பட்டியலில் இல்லை. 2024-இல் மட்டும் பொங்கல் மார்ட்டின் லூதர் கிங் நாள் விடுமுறையோடு சேர்ந்து திங்கட்கிழமை வந்தது, அந்த வருடம் நிம்மதியாகப் பானை வைத்தோம்.

அடுத்த கேள்வி பனி பற்றியது. வழித்தெடுத்த இடத்தில் நாற்காலி போட்டு வைத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கு ஒரு தனிப் பேச்சே வேண்டும், அடுத்த வாரம் பார்ப்போம்.